ஒற்றைப் பனை சாயும் இடம்

என் வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறி முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். கோட்டைக்குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த ஆளுக்கு இப்படி ஒரு வயிறு. அவருடைய அப்பா எத்தனையோ தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இத்த கரையிலயே காயப் போடுங்க" என்று கை கழுவிவிட்டாராம். அந்த வயிறு மட்டும் நேராக இருந்திருந்தால் அவர் பாட்டுக்காரர் ஆகியிருக்க மாட்டார். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், கடலில் கண்டுபிடித்து, அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போன இடமும் பறிபோயிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இப்போதும்தான்.

கரையிலேயே கிடந்தவர் கரையைப் பற்றியே பாடினார். நண்டு வளை, காய்கிற நெத்திலி, வலை தைக்கிறவர்களின் வம்பு, ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துகிற பெண்கள், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் குறட்டை விடுகிறவன். எழுதுவதும் அவரே, மெட்டுப் போடுவதும் அவரே. முதலில் அம்மன் கோயில் திருவிழா, அப்புறம் காதுகுத்து, கல்யாண மேடை. பிறகு ஒரு நாள் பூப்போட்ட சட்டையும் ஓலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்து பாடியதை யாரோ போனில் பிடித்துப் போட்டார்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கடலே பார்க்காத ஊர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் கேட்டார்கள். தொப்பிக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. வீட்டில் சோறு சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டது பாட்டுக்காக இல்லை. எனக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும். திருப்பிக் கத்தத் தெரியாத ஆளாக ஒருத்தர் வேண்டியிருந்தது. அந்த வகையில் ஏமாறவில்லை.

பாட்டு பேரைக் கொடுத்தது, சோற்றைக் கொடுக்கவில்லை. மேடைக்குப் போனால் சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். சால்வையைக் குழம்பு வைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து, "அந்தப் பாட்டுல வர்ற பீச் எது?" என்று எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் விசாரிப்பார்கள். பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார்கள். நான்தான் சொன்னேன். "யோவ், பாட்ட கேக்க வர்றவனுக்கு வவுறு இல்லியா? ஒரு அடுப்பு போடுவோம்." ஓலைக் கொட்டகை போட்டோம். தோசைக்கல்லில் நான் மீன் வறுத்தேன். பக்கத்தில் அவருடைய பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டம் நெரிந்தது. அப்புறம் மீன் மசாலாவைப் பொட்டலம் போட்டோம், கருவாட்டைப் பொட்டலம் போட்டோம், பொட்டலத்தின் மேல் தொப்பியோடு அவர் மூஞ்சி. எளாவூரில் செக்போஸ்ட் பக்கத்தில், ரோட்டோரமாக இரண்டாவது கடைக்கும் இடம் பார்த்தாயிற்று. மனுஷன் பேச்சே மாறிவிட்டது. பிராண்டு என்பார், பிராஞ்ச் என்பார். என்னை ஒரு நாள் 'கிச்சன் இன்சார்ஜ்' என்று யாரிடமோ சொன்னார். கரண்டியைக் காட்டினேன், அப்புறம் சொல்லவில்லை.

எங்கள் கடை நின்றது அண்ணன் கொண்டுவரும் மீனில்தான். மற்ற படகுகளில் கிடைக்காத கலவாவும் சங்கராவும் அவனுக்குக் கிடைக்கும். காரணம் நைனாவின் இடம்.

கடலுக்கு அடியில் எல்லா இடமும் ஒன்றில்லை. பெரும்பாலும் சேறும் மணலும்தான். எங்காவது ஒரு திட்டு மட்டும் கல்லாக இருக்கும். அந்தக் கல்லில்தான் நல்ல மீன் அண்டும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் ஒரே தண்ணீர். அந்த இடத்துக்குத் திரும்பவும் சரியாகப் போய்ச் சேர, கரையில் தெரிகிற பொருள்களை ஒன்றோடு ஒன்று நேராக வைத்துப் பார்ப்பார்கள். இந்த மரம் அந்தக் கட்டடத்தோடு சேர்ந்து தெரிந்தால் ஒரு கோடு. இந்தச் சந்துக்குள் அந்தக் கோபுரம் தெரிந்தால் இன்னொரு கோடு. இரண்டும் சேருகிற இடத்தில் நங்கூரம். இந்த அடையாளத்தை ஒரு வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பெண் கொடுத்தாலும் கொடுப்பார்கள், இதைக் கொடுக்க மாட்டார்கள். நைனா சாகும்போது இதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அண்ணன். இன்னொன்று நைனா காலத்திலிருந்தே எங்கள் படகில் பங்குக்கு வருகிறவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இப்போது எல்லாப் படகிலும் இடம் காட்டுகிற மிஷின் இருக்கிறது. அண்ணன் அதில் அந்த இடத்தை மட்டும் பதிந்து வைக்கவே இல்லை. "மிஷின எவன் வேணாலும் தொறந்து பாப்பான். கண்ண எவன் தொறப்பான்?" என்பான்.

கல்யாணமான புதிதில் அண்ணன் பெருமைக்காக என் வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப்போனான். வீட்டு மாப்பிள்ளை, அதுவும் கடல் தெரியாத மாப்பிள்ளை, இவரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்திருப்பான். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கரைக்கு வந்து இறங்கியவருக்கு என் பெயரே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. ரெண்டு நாள் கஞ்சிதான். மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். அவருடைய பாட்டுகளில் அதுதான் ஊரெல்லாம் பரவியது. கல்யாண வீட்டில் அது இல்லாமல் பந்தி முடியாது என்கிற அளவுக்கு.

லைட்டவுஸ் தோளு மேல ஒத்தப் பன சாயும் எடம்
தோப்புச் சந்து வழியா தண்ணித்தொட்டி எட்டிப் பாக்கும் எடம்
அங்க நங்கூரம் போட்டவன் நான், அம்மாடி
ஒன் கண்ணுல மாட்டிக்கிட்டவன் நான்

என்னைப் பற்றிய பாட்டு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன். அண்ணன் அதையே தன் போனுக்கு மணியாக வைத்துக்கொண்டான். யார் கூப்பிட்டாலும் உடனே எடுக்க மாட்டான். அம்மாடி வரைக்கும் ஓடவிட்டுத்தான் எடுப்பான்.

எளாவூரில் இடம் பார்த்த வருஷம் வாடைக் காற்று அடங்கியதும் அண்ணனுக்கு மீன் குறைய ஆரம்பித்தது. முதலில் பருவம் சரியில்லை என்றான். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் அவன் போய்ச் சேரும்போதே நைனாவின் இடத்தில் இரண்டு படகுகள் நின்றிருக்கின்றன. வடக்கே, ஆந்திரா பக்கத்துப் படகுகள். தற்செயலாக வந்திருப்பார்கள் என்று நினைத்து ஒதுங்கிவிட்டான். அடுத்த நாளும் அவர்கள், அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம். கேட்டதற்குச் சண்டை வந்தது. கடலில் முதலில் வலை போட்டவனுக்குத்தான் இடம், அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு நாள் அண்ணன் முந்திக்கொண்டு போட்டான். மறுநாள் எடுக்கப்போனால் வலை அறுந்து பாதிதான் இருந்தது.

அண்ணன் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ ஆறிப்போயிற்று.

"யாரோ சொல்லிட்டானுங்க பாப்பா. தேடிக் கண்டுபுடிக்கிற எடமா அது? நேரா வந்து நிக்கறானுங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. நான் சொல்லல."

மாமாவைத்தான் சொல்கிறான். மாமாவின் மனைவி வடக்கே பிறந்தவர். அவருடைய தம்பிகள் அங்கே படகு வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இந்த ஒரு கணக்குப் போதுமாக இருந்தது. என்னை நைனா தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் மாமாவின் தோளில் அண்ணன் உட்கார்ந்திருப்பான். அதை நான் சொன்னேன். "கம்முனு இரு" என்று எழுந்து போய்விட்டான்.

ஊரில் பஞ்சாயத்து வைத்தான். வரும் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அம்மன் கோயில் எதிரில் மாமா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. இதில் என்ன இருக்கிறது, தப்புச் செய்யாதவர் சத்தியம் செய்துவிட்டுப் போகட்டுமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் குப்பத்தில் அப்படி இல்லை. ஒருத்தன் கற்பூரத்தை அணைத்துவிட்டால், அவன் சொன்னது நிஜமா பொய்யா என்று கடல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொய் என்றால் கடல் அவனை எடுத்துக்கொள்ளும். அது வரைக்கும் அவனோடு ஒரே படகில் ஏற யாருக்குத் துணிச்சல் வரும்? கடல் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கிறவனையும் பார்த்தா விடும்? அதனால் சத்தியம் செய்தவரை யாரும் படகில் சேர்க்க மாட்டார்கள். அணைத்தாலும் மாமாவுக்குப் பிழைப்புப் போயிற்று, அணைக்காவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகி, அப்போதும் போயிற்று. அந்த வயதில் அவர் வேறு எங்கே போய் என்ன வேலை செய்வார்?

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. மறுநாள் எளாவூர்க் கடை திறப்பு. வீட்டுக்காரர் பந்தல்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சாப்பிட வந்தார்கள். தெலுங்கு கலந்த பேச்சு. கையைப் பார்த்தாலே கடல்காரர்கள் என்று தெரிந்தது, கயிறு அறுத்த தழும்பு. வறுத்த சங்கராவைத் தின்றுகொண்டே அந்தப் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். முதல் இரண்டு அடி வந்ததும் அதில் பெரியவர் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய், லைட்ஹவுஸ் பக்கம் திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டிப் பிடித்தார். விரலை மெதுவாக நகர்த்தினார். பனைமரத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கரையில் இருந்து பார்த்தால் அந்தப் பனை லைட்ஹவுஸுக்கு எங்கோ தூரத்தில் தனியாக நிற்கும். தோளில் சாய்வது கடலில் இருந்து பார்த்தால்தான். அதுவும் ஒரே ஒரு கோட்டில் நின்று பார்த்தால்.

"அதுதானா அந்தப் பனை?" என்று அவர் கூட வந்தவரிடம் கேட்டார். கூட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அவர் சட்டையை இழுத்தார். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

சின்ன வயதில் நைனாவும் அண்ணனும் சாப்பிடும்போது பேசிக்கொண்டது காதில் வந்து மோதியது. பனை ஏறிப்போச்சு, தொட்டி மறைஞ்சுபோச்சு என்றெல்லாம் பேசுவார்கள். எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. இத்தனை நாள் அந்தப் பாட்டு என் தலைக்கு மேலேயே ஓடியிருக்கிறது. கல்லில் மீன் கருகுகிற வாசம் வந்த பிறகுதான் கையில் கரண்டி இருப்பதே நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரரைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"யோவ், அந்தப் பாட்டு வரி ஒனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்தப் பாட்டு?"

"டபாய்க்காத. லைட்டவுஸ் தோளு."

"ஒங்கண்ணன்தான் சொன்னான். கடல்ல கூட்டினு போனப்ப. லைட்டவுஸ் தோளு மேல பன சாஞ்சிடுச்சு, சந்துல தொட்டி பாக்குது, போடு நங்கூரத்தன்னு கத்தனான். நான் வாந்தி எடுத்துனு கெடந்தேன். அந்த ஒண்ணுதான் காதுல நல்லதா வுழுந்துச்சு."

சொல்லி முடித்த பிறகு அவருக்கே புரிந்தது. தொப்பியைக் கழற்றினார். நான் அந்த வடக்கத்திக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். அவர் அங்கே கிடந்த ஒரு கருங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் நீ போயி சொல்லணும்" என்றேன்.

"நாளைக்குத் தெறப்பு. எல்லாரையும் கூப்புட்டாச்சு. அது முடிஞ்சதும் மச்சான் கால்ல வுழுந்து சொல்லிடறேன்."

"அதுக்குள்ள மாமா கற்பூரத்த அணைச்சிடுவாரு."

"பஞ்சாயத்துல சொன்னா இன்னா ஆவும் தெரியுமா ஒனக்கு? நம்ம கடைக்கு ஒருத்தனும் மீன் குடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போடுவாங்க. ரெண்டு கடையும் மூடணும். ஒங்கண்ணன் ஒன்னையும் வாசல்ல சேக்க மாட்டான். யோசிச்சுப் பாரு."

யோசிக்காமலா இருப்பேன்? கடை என் கையால் எழுந்தது. அடுப்புச் சூடு முழங்கை வரைக்கும் தழும்பாக இருக்கிறது. அண்ணன் வீட்டு வாசல்தான் எனக்குப் பிறந்த வீடு, வேறு போக்கிடம் கிடையாது. எல்லாம் நினைத்தேன். நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. "நீ சொல்லலன்னா நான் சொல்றேன்" என்றேன். அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கத்தத் தெரியாத ஆள் வேண்டும் என்று கட்டிக்கொண்டேன், இப்போது அந்த வாயைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் கோயில் எதிரில் ஆம்பளைகள் எல்லாம் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக்கூடத்து ஓரமாக நின்றோம். பஞ்சாயத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை, நின்று பார்க்கலாம். என் வீட்டுக்காரர் வந்திருந்தார். கடைசி வரிசையில் தலையைக் குனிந்து மணலைக் கீறிக்கொண்டிருந்தார். நிமிர்வார், எழுந்திருப்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் மாமாவின் மனைவி. அவர் அழவில்லை. என் கையைப் பிடித்திருந்தார், அவருக்கு என்னைத்தான் பிடிக்கத் தோன்றியிருக்கிறது. அந்தக் கை எனக்குச் சுட்டது.

மாமா கடலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பெரியவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். "சொல்லிட்டு அணைப்பா" என்றார்.

மாமா அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ நம்பறியா?"

அண்ணன் கடல் பக்கம் பார்த்தான். மாமா கையை நீட்டினார். கடைசி வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

"மாமா, கைய எடுங்க" என்றேன்.

கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை, கத்தலாகத்தான் வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. "பொம்பளைங்க பேசற எடமா இது?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"எங்க நைனா எடத்தப் பத்தித்தான் பேசிக்கினு கீறீங்க. நான் பேசாம யார் பேசுவா?" கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் அண்ணன் எதிரில் நின்றேன். "ண்ணா, ஒன் போன்ல மணி அடிக்குதே, அந்தப் பாட்ட மெட்டு இல்லாம வாயால சொல்லு."

"இன்னா பாப்பா, வெளையாட்டா?"

"சொல்லு. பேசற மாதிரி சொல்லு."

அவன் பல்லைக் கடித்தான். என்னை அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு, சின்னப்பிள்ளையைச் சமாதானம் செய்கிற எரிச்சலோடு சொன்னான். "லைட்டவுஸ் தோளு மேல ஒத்தப் பன சாயும் எடம். தோப்புச் சந்து வழியா..."

அங்கே நின்றுவிட்டான். மீதியை அவன் வாய் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. தன் குரலிலேயே நைனாவின் அடையாளத்தைக் கேட்டுவிட்டான். இத்தனை காலமும் அதைப் போனில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறான். கல்யாணப் பந்தலில் அதற்கு ஆடியிருக்கிறான். கூட்டத்தில் ஒருத்தர், "அய்ய" என்றார். தட்டில் கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது.

அண்ணன் கடைசி வரிசையைப் பார்த்தான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"நீ சொன்னதத்தான் மச்சான் எழுதனேன். அடையாளம்னு எனக்குத் தெரியாது. நீ அன்னிக்கு அத அவ்ளோ சந்தோசமா சொன்னே. பாட்டுன்னு நெனச்சிட்டேன்."

அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, அதை நினைத்து என் மேலேயே கோபமும் வந்தது. ஊர்ப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைக்கு மீன் நிறுத்துவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினான். மாமாவின் எதிரில் போய் நின்றான். ஏதாவது சொல்லுவான், காலைத் தொடுவான் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். அவனுக்கு வரவில்லை. மாமாதான் பேசினார்.

"ஒங்க நைனா இருந்திருந்தா என்ன இப்டி நிக்க வெச்சிருப்பாரா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு திரும்பி ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினான். பாட்டில் இருந்ததைச் சொன்னான். பிறகு பாட்டில் இல்லாததையும் சொன்னான். எவ்வளவு ஆழம், எந்தக் காற்றில் எந்தப் பக்கத்திலிருந்து அண்ட வேண்டும், தெற்கு ஓரத்தில் வலையைக் கிழிக்கிற கல் எங்கே இருக்கிறது, எந்த மாசத்தில் கலவா மேலே வரும். நைனா ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தது. நைனாவின் சொற்கள்தான், அதே வரிசையில். நான் சாப்பாட்டு நேரத்தில் அரைகுறையாகக் கேட்டதெல்லாம் அங்கே ஊருக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எல்லாப் படகும் வாங்க. நான் முன்னாடி போறேன். வடக்கத்திக்காரன் மட்டும் தின்றதுக்கு எங்க நைனா அத ஒளிச்சு வெக்கல." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "கடைய தொற மாப்ள. பாட்டையும் பாடு. இனிமே ஒளிக்க இன்னா கீது."

ஒரு அறை விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் முகத்தில் அறைந்திருக்கலாம், என் முகத்திலாவது அறைந்திருக்கலாம். அதற்கப்புறம் அங்கே யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மாமாவின் மனைவி வந்து, என் பக்கம் திரும்பாமல் மாமாவோடு நடந்துபோனார்.

மறுநாள் எளாவூர்த் திறப்புக்கு நான் போகவில்லை. "நீ வராம எப்டி?" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்றார். "ஒன் மூஞ்சிதான பொட்டலத்துல கீது, நீ போ" என்றேன். போனார்.

விடியும்போது கரையில் ஊர்ப் படகெல்லாம் நின்றது. திருவிழாவுக்குக்கூட அத்தனை படகு ஒன்றாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை. ஆனால் யாரும் சிரித்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தர் வீட்டுச் சொத்தை அள்ளப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அண்ணன் இன்ஜினைப் பூட்டிவிட்டு, வலையை ஏற்றிவிட்டு, படகின் பக்கத்தில் நின்றான். கிளம்பவில்லை. யாரை எதிர்பார்க்கிறான் என்று கேட்க வேண்டியதில்லை.

மாமா வந்தார். தோளில் துண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கு, எப்போதும் போலத்தான். அண்ணன் நிமிர்ந்து, தூக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். மாமா அந்தக் கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தாண்டிப்போய் வேறொரு படகில் தூக்கை வைத்து ஏறிக்கொண்டார். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பழியும் போய், கற்பூரத்தையும் அணைக்காத ஆள், யார் படகிலும் ஏறலாம்.

மற்ற படகுகள் அண்ணன் முன்னால் போகக் காத்திருந்தன. அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தனியாகப் படகைத் தள்ளப் பார்த்தான். அது அசையவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, மாமா வழக்கமாகத் தோள் கொடுக்கிற பக்கத்தில் நின்று தள்ளினேன். எங்கள் கரையில் பெண்கள் படகைத் தள்ளுவதில்லை. அண்ணன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. படகு மிதந்ததும் ஏறி உட்கார்ந்து, ஊர் முழுக்கப் பின்னால் வர, நைனாவின் இடத்தைக் காட்டப் போனான்.